பேய்க்கு எதுக்குட்டி சொத்து?

சித்தி கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது சீர்ப் பாத்திரங்களோடு பச்சைத் தகரப்பெட்டி ஒன்றும் வண்டியிலிருந்து இறங்கியது. தூக்கி வந்தவர் கனம் தாங்காமல் தார்சாவிலேயே வைத்துவிட்டார். வெள்ளிச் சாமானாக இருக்கும் என்று ஆச்சி நினைத்திருக்க வேண்டும். நாலு பேர் பார்க்கத் திறக்காதே என்று சித்தியின் காதில் சொல்லி வைத்தாள். ராத்திரி திறந்து பார்த்தால் உள்ளே அத்தனையும் பைண்டு புத்தகம். குமுதத்திலும் விகடனிலும் கல்கியிலும் வந்த தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, தைத்து, காலிகோ முதுகு ஒட்டியவை. "இதுக்குத்தானா அந்தப் பூட்டு" என்று மட்டும் ஆச்சி கேட்டாள்.

அம்பாசமுத்திரம் பக்கம் எண்பதுகளில் நாவலைக் காசு கொடுத்து வாங்குகிற வீடுகள் குறைவு. தொடர்கதை என்பது பெண்கள் சேர்த்து வைக்கிற சொத்து. கடைசி அத்தியாயம் வந்ததும் கட்டி பைண்டரிடம் கொடுப்பார்கள். அவர் மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து ஒட்டுவார், பூச்சி அரிக்காமல் இருக்க. அதனால் அந்தப் புத்தகங்களுக்கு ஒரு மருந்து வாடை உண்டு. தையல் ஓரத்தில் எழுத்துகள் உள்ளே போய்விடும். புத்தகத்தை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துத்தான் வரி முடிவை எட்டிப் பார்க்க வேண்டும். பக்கத்தைத் திருப்பினால் பாதி சமையல் குறிப்பு, யாரோ ஒரு வாசகிக்கு ஜோசியர் சொன்ன பதில், சோப்பு விளம்பரம். பிணம் கிடக்கிற அத்தியாயத்துக்கு முதுகுப்பக்கம் மோர்க்குழம்பு இருக்கும். கதையை விட்டுவிட்டு மோர்க்குழம்பைப் படித்து முடித்த நாட்களும் உண்டு.

அந்தப் பெட்டியில் இருந்ததுதான் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'. குமுதத்தில் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. எனக்கு எழுத்துக்கூட்டாமல் படிக்க வந்திருந்தது என்றாலும், அந்தப் புத்தகத்தை மட்டும் நானாகத் தொடக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். "ராத்திரி பயந்து அனத்துவா" என்பது அவள் கட்சி. ஆனால் சித்தி மத்தியானம் ஆச்சிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினால் அதைக் கேட்பதற்குத் தடை ஒன்றும் இல்லை. சட்டத்தில் இருந்த அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தது என் அத்தை மகன். லீவுக்கு வந்திருந்தான், என்னைவிட இரண்டு வயது மூத்தவன்.

சாப்பாடு முடிந்து பட்டாசலில் பாயை விரிப்பார்கள். ஆச்சி தலைக்கு மணைப்பலகை வைத்துச் சாய்ந்துகொண்டு பாக்குவெட்டியோடு இருப்பாள். சித்தி தூணில் சாய்ந்து வாசிப்பாள். நல்ல வாசிப்பு. கணேஷ் பேசினால் ஒரு குரல், வசந்த் பேசினால் வேறு குரல். வசந்த் ஆரம்பிக்கிற சில பேச்சுகளைச் சித்தி வாய்க்குள்ளேயே முணுமுணுத்துத் தாண்டிவிடுவாள். "என்னத்த முழுங்குத?" என்று ஆச்சி கேட்பாள். "ஒண்ணுமில்ல அத்தை, இங்கிலீஷு" என்பாள் சித்தி. இது சுஜாதா எழுதியது என்று சொன்னபோது, பொம்பளைப் பிள்ளை இவ்வளவு தைரியமாக எழுதுகிறாளே என்று ஆச்சிக்கு ஆச்சரியம். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்க்கிற ரங்கராஜன் என்கிற எஞ்சினியர் அது, சுஜாதா அவர் சம்சாரத்தின் பெயர் என்று சித்தப்பா பலமுறை சொல்லியும் ஆச்சி கடைசிவரை "அவ" என்றுதான் சொன்னாள்.

கதை இதுதான். சொத்து கைக்கு வரவேண்டிய பருவத்தில் லீனா என்கிற பெண். பெரிய வீடு, பெரிய தோட்டம். பொறுப்பில் இருக்கும் குமார வியாசன், சொத்து விஷயமாக வக்கீல் கணேஷையும் அவன் ஜூனியர் வசந்தையும் வரவழைக்கிறார். பத்திரம் பார்க்கப் போன இடத்தில் இரவில் தோட்டத்தில் ஒரு பெண் உருவம். பிறகு கொலை. பேய்க்கதையாகவும் துப்பறியும் கதையாகவும் ஒரே சமயத்தில் நடக்கிற கதை. இந்த இரண்டையும் சேர்ப்பது லேசில்லை. பேய்க்கதைக்குத் தெரியாமை வேண்டும், துப்பறியும் கதைக்குத் தெரிந்துகொண்டே போவது வேண்டும். ஒன்று மற்றதன் காலை வாரிவிடும். சுஜாதா அதற்குப் பயத்தை ஆள் பிரித்துக் கொடுத்தார். நம்பாமல் இருக்க கணேஷ், நம்பி நடுங்க வசந்த். கேலியும் கிண்டலுமாகத் திரிகிற வசந்தே அரண்டுபோனால் படிக்கிறவன் என்ன ஆவான்? கணேஷ் 1968இல் 'நைலான் கயிறு' கதையிலேயே வந்துவிட்டவன், அப்போது தனி ஆள். வசந்த் பின்னால்தான் வந்து ஒட்டிக்கொண்டான். வசந்த் இல்லாமல் இந்த நாவலை எழுதியிருக்க முடியாது என்பது என் எண்ணம்.

தோட்டத்தில் உருவம் தெரிந்த அன்றைக்கு நானும் அத்தை மகனும் ஆச்சியின் சேலைத் தலைப்பை ஆளுக்கொரு முனை பிடித்திருந்தோம். சித்தி அத்தியாயத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தாள். ஆச்சி பாக்கைச் சீவிக்கொண்டே கேட்டாள்:

"இந்தப் பிள்ள செத்துட்டா சொத்து ஆருக்குப் போவும்?"

"அத்தை, வந்தது பேயி."

"பேய்க்கு எதுக்குட்டி சொத்து?"

சித்தி அந்தப் பக்கத்தைத் திரும்ப ஒருமுறை படித்துப் பார்த்தாள். ஆச்சி விடவில்லை. அந்த உருவம் யார் யார் கண்ணுக்குத் தெரிந்தது, அந்த நேரத்தில் வீட்டில் யார் எங்கே இருந்தார்கள், தோட்டக்காரன் எங்கே போனான், ஒவ்வொன்றாகக் கேட்டாள். கணேஷ் அந்தக் கேள்விகளுக்கு வந்து சேர இன்னும் சில அத்தியாயம் இருந்தது. அன்றே ஒரு பெயரையும் சொன்னாள். அதை இங்கே எழுதப்போவதில்லை. இன்னும் படிக்காதவர்கள் இருக்கிறார்கள்.

ஆச்சிக்குப் பேய் நம்பிக்கை இல்லாமல் இல்லை. இசக்கியம்மனுக்குப் பொங்கலிட்டவள், சுடலைமாடன் கோயில் திசையில் உச்சிப்பொழுதில் காலை நீட்டி உட்காராதவள். ஆனால் அவளுக்குத் தெரிந்த பேய்களுக்கு எல்லாம் வழக்கு இருந்தது. யார் கொன்றான், எதற்காக, எந்த இடத்தில், யார் சாட்சி என்று எல்லாம் சொல்லக்கூடிய பேய்கள். எங்கள் பக்கத்துச் சாமிகள் பலர் கொலையுண்டவர்கள்தான். மாடு களவு போனதைத் தடுக்கப் போய் வெட்டுப்பட்ட முத்துப்பட்டன், அவனோடு செத்த பொம்மக்கா, திம்மக்கா இவர்கள் கதையைக் காரையாறு சொரிமுத்தையன் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் சொல்லுவாள். கொலையைச் செய்தவன் பெயர் மறந்துபோகாமல் இருக்கத்தான் கோயில் கட்டி வருஷா வருஷம் கொடை கொடுத்து வில்லுப்பாட்டில் பாடுகிறார்களோ என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

நீலி கதையை ஆச்சி சொல்லிக் கேட்க வேண்டும். நகைக்காகக் கள்ளிக்காட்டில் வைத்துக் கொல்லப்பட்ட பெண். சாகும்போது பக்கத்தில் மனுஷர் ஒருவரும் இல்லாததால் அந்தக் கள்ளியையே சாட்சி வைக்கிறாள். மறுபிறவியில், தன்னைக் கொன்றவன் செட்டியாகப் பிறந்து அதே காட்டு வழியாக வர, அவனைப் பிடித்துக்கொள்கிறாள். ஒரு கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'இவன் என் புருஷன், என்னைத் தள்ளி வைக்கிறான்' என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் நிற்கிறாள். அவன் இல்லையென்று கதறுகிறான். குழந்தையை இறக்கிவிடச் சொல்கிறார்கள். அது நேராகப் போய் அவனை அப்பா என்கிறது. பெரியவர்கள் எழுபது பேர் சேர்ந்து தீர்ப்புச் சொல்லி, இரண்டு பேரையும் ஒரே வீட்டில் இருக்க வைக்கிறார்கள். காலையில் கதவைத் திறந்தால் அவன் செத்துக் கிடக்கிறான்.

இந்த இடத்தில் ஆச்சி வழக்கமாக நிறுத்தி எங்கள் முகத்தைப் பார்ப்பாள். "தப்பு ஆரு மேல?" என்பாள். நீலி மேல் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டாள், செட்டி மேல் என்றாலும் முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டாள். "விசாரிக்கத் தெரியாம விசாரிச்சாம்லா, அவன் மேல" என்பாள். பிள்ளை அப்பா என்று சொன்னால் போதுமா, கல்யாணம் எந்த ஊரில், யார் தாலி எடுத்துக் கொடுத்தது என்று ஒருத்தனாவது கேட்டிருக்க வேண்டாமா? ஆச்சி கணேஷை மெச்சியதற்குக் காரணம் அவன் அதையெல்லாம் கேட்டான் என்பதுதான். வசந்த் பேரில் அவளுக்குப் பிரியம் உண்டு, மரியாதை கிடையாது.

எங்கள் இரண்டு பேருக்கும் கதை கேட்ட வெறியில் ஒரு வழக்கு தேவைப்பட்டது. தெருக் கடைசியில் பூட்டிய வளவு வீடு ஒன்று. அந்த வீட்டுக்காரர் தொழில் நொடித்து ஊரைவிட்டுப் போய்விட்டார். அதில் சில ராத்திரி மச்சு ஜன்னலில் வெளிச்சம் தெரியும். மஞ்சளாக, சின்னதாக, அசையாமல். மெத்தையில் படுக்கும்போது நாங்களே பார்த்திருக்கிறோம். அந்த வீட்டு மருமகள் ஒருத்தி கிணற்றில் விழுந்தவள் என்ற கதையும் தெருவில் இருந்தது. அத்தை மகன் தன்னைக் கணேஷ் என்று அறிவித்துக்கொண்டான். ஆகவே நான் வசந்த்.

பேய்க்குக் கால் கிடையாது, எனவே கால்தடம் இருந்தால் ஆள். இதுதான் எங்கள் கணேஷின் தர்க்கம். பூஜை மாடத்திலிருந்து ஒரு சம்புடம் திருநீற்றைக் கொண்டுபோய், விளக்கு வைக்கும் முன்னால், அந்த வீட்டு வாசல்படியிலும் புறவாசல் நடையிலும் சல்லடையில் சலித்தமாதிரி தூவினோம். ஏன் திருநீறு என்றால் பேயாக இருந்துவிட்டாலும் ஒரு பாதுகாப்பு. மறுநாள் விடிந்ததும் ஓடினோம். வாசல்படியில் ஒன்றும் இல்லை, ஒரு ஓணான் ஓடிய கோடு மட்டும். புறவாசலில் தெளிவாக ஒரு செருப்புத் தடம். இடது குதிகாலில் ரப்பர் தேய்ந்து ஓட்டை விழுந்த செருப்பு. ஓட்டை இருந்த இடத்தில் மட்டும் திருநீறு கலையாமல் வட்டமாக நின்றது. அதன் பக்கத்தில் கருகிய தீக்குச்சி ஒன்று.

அந்த வட்டத்தைப் பார்த்தபோது வந்த பயம் பேய்ப்பயத்தைவிடப் பெரிது. வீட்டுக்குள் ஒரு ஆள் இருக்கிறான். நம்மைப் பார்த்துக்கொண்டும் இருக்கலாம். திரும்பி ஓடி வந்து ஆச்சியிடம் சொன்னோம். ஆச்சி எங்களைப் பட்டாசலுக்கு வெளியே விடாமல் கதவைச் சாத்தினாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அது அந்த வீட்டுக்காரன்தான். கடன்காரனுக்குப் பயந்து ராத்திரி வந்துட்டு விடியுமுன்ன போயிருதான். தெருவுல பெரியாளுக அம்புட்டு பேருக்கும் தெரியும். வெளிய மூச்சு விட்டிய, தோல உரிச்சிருவேன்" என்றாள். கிணற்றில் விழுந்த மருமகள்? "அவ மதுரைல சௌக்கியமா இருக்கா." அந்தப் பேயைக் கிளப்பிவிட்டதே தெருப் பெண்கள்தான் என்று எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. கடன்காரர்கள் இருட்டிய பிறகு அந்தப் பக்கம் வரக்கூடாது அல்லவா?

நாவலுக்கு வருகிறேன். சித்தியின் பைண்டு பிரதியில் ஒரு தாள் இல்லை. பின்பக்கத்தில் ஏதோ ஒரு நடிகையின் படம் இருந்திருக்கிறது, சித்தியின் தம்பி கத்தரித்து எடுத்துவிட்டான். அந்த இடம் வரும்போது சித்தி புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு ஞாபகத்திலிருந்து சொல்லுவாள். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகச் சொல்லுவாள். ஒரு தடவை நாய் குரைக்கும், அடுத்த தடவை காற்றில்லாமல் ஊஞ்சல் ஆடும். பிற்பாடு அச்சுப் புத்தகம் வாங்கி அந்த இடத்தைத் தேடிப் படித்தேன். சித்தியுடைய அத்தியாயம்தான் நன்றாக இருந்தது.

தோட்டத்து உருவத்துக்குச் சுஜாதா சொல்கிற விளக்கம் ஊருக்கே தெரிந்ததுதான்: லேசர், ஹோலோகிராம். அந்தச் சொல் வந்ததும் சித்தி தடுமாறினாள். சித்தப்பா பள்ளிக்கூடத்தில் பௌதிகம் எடுக்கிறவர், அதற்காகவே காத்திருந்தவர்போல எங்களைத் தாமிரபரணிப் படித்துறைக்குக் கூட்டிப்போனார். வெயில் தாழ்ந்து, படித்துறையை ஒட்டிய கசத்தில் தண்ணீர் அசைவில்லாமல் கிடந்தது. இரண்டு கையிலும் ஒவ்வொரு கூழாங்கல்லை எடுத்து ஒரே சமயத்தில் போட்டார். இரண்டு வட்டமும் விரிந்து வந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறிய இடத்தில் தண்ணீர் கட்டம் கட்டமாக நின்றது. "வட்டத்தைப் பாக்காத, அந்தக் கட்டத்தைப் பாரு. அதைமட்டும் அப்படியே படம் பிடிச்சு வச்சுட்டா, கல்லு ரெண்டும் எங்க விழுந்துதுன்னு அதுலருந்து கண்டுபிடிச்சிரலாம்." லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் பொருள்மேல் பட்டு வரச் செய்து, இன்னொன்றை நேராகப் படம் பிடிக்கும் தட்டின்மேல் விட்டால், இரண்டும் சந்தித்து இந்த மாதிரிக் கட்டம் விழும். பிறகு பொருளே இல்லாவிட்டாலும், அதே ஒளியைத் தட்டின்மேல் காட்டினால் பொருள் அங்கே இருப்பதாகக் கண் நம்பும். தட்டு உடைந்தால் ஒவ்வொரு துண்டிலும் முழு உருவமும் தெரியும் என்று அவர் சொன்னதுதான் அன்றைக்கு ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை. பேயை வெட்டினால் இரண்டு பேய்!

ஹோலோகிராமை முதலில் யோசித்தவர் டென்னிஸ் காபர், 1947இல், இங்கிலாந்தில். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பின் படத்தைத் தெளிவாக்க வழி தேடிக்கொண்டிருந்தவர். தகுந்த ஒளி கிடைக்காமல் அந்த யோசனை கிடப்பில் கிடந்தது. 1960இல் லேசர் வந்த பிறகுதான் அமெரிக்காவின் மிச்சிகனில் லீத், உபாட்னீக்ஸ் என்ற இருவர் முப்பரிமாணப் படங்களை எடுத்துக் காட்டினார்கள். காபருக்கு 1971இல் நோபல் பரிசு. ஆகக் குமுதத்தில் தொடர் வந்தபோது விஷயம் புதுசு. புதுசாக இருந்ததால் செல்லுபடியானது என்றும் சொல்ல வேண்டும். ஏனென்றால் ஹோலோகிராமைப் பார்க்க அந்தத் தட்டை நோக்கித்தான் பார்க்க வேண்டும். தட்டு இல்லாத வெறுங்காற்றில், திறந்த தோட்டத்தின் நடுவே, நாலாபக்கமிருந்தும் தெரியும்படி ஒரு பெண்ணை நிறுத்திவைக்க அதனால் ஆகாது. கல்லூரியில் இதைப் படித்தபோது எனக்கு ஏமாற்றமாக இல்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. சுஜாதா பேயை ஓட்டிவிட்டு அந்த இடத்தில் அதைவிட நம்பமுடியாத ஒன்றை வைத்திருக்கிறார், விஞ்ஞானம் என்பதால் யாரும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. அந்த எழுபது பெரியவர்கள் நாம்தான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நாவலில் ஆளை ஏமாற்ற வந்த ஹோலோகிராம் இன்று ஏமாற்று நடக்காமல் காவல் நிற்கிறது. கடன் அட்டையில், மருந்துப் பெட்டியில், வாக்காளர் அட்டையில் மினுக்குகிற அந்தச் சின்ன ஒட்டு அதுதான். வாக்காளர் அட்டையோடு போய் நாம் பொத்தானை அமுக்குகிற இயந்திரம் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் உருவானபோது அதில் ரங்கராஜனுக்கும் பங்கிருந்தது. 1982இல் கேரளத்துப் பரவூரில் முதன்முதலாக அந்த இயந்திரம் தேர்தலுக்கு வந்தது. தோற்ற கட்சிக்காரர்கள் தேர்தலுக்குத் தேர்தல் அதற்குள் ஏதோ புகுந்துவிட்டதாகச் சொல்வதைக் கேட்கும்போது, கணேஷும் வசந்தும் அந்த வழக்கை எடுத்துக்கொண்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

படித்துறையிலிருந்து திரும்பி வந்ததும் சித்தப்பா ஆச்சிக்கும் விளக்கப் பார்த்தார். இல்லாத ஆளை வெளிச்சத்தை வைத்து இருக்கிறமாதிரிக் காட்டுவது என்று அவர் ஆரம்பித்ததுமே ஆச்சி கையமர்த்தினாள். "கள்ளிக்கொம்பப் பிள்ளையாக் காட்டுனால்லா, அதானல?" சித்தப்பாவுக்கு அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

ஆனால் கடைசி அத்தியாயம் வீட்டில் சண்டையில்தான் முடிந்தது. சுஜாதா எல்லாவற்றையும் விளக்கிவிட்டதாகத் தோன்றும்போதே, விஞ்ஞானமா வேறு ஏதாவதா என்ற சந்தேகத்தை முழுக்கத் தீர்க்காமல் விட்டிருக்கிறார். சித்தப்பாவுக்குக் கோபம். ஒரு எஞ்சினியர் இப்படிச் செய்யலாமா, பயந்தாங்கொள்ளி வாசகர்களுக்குப் பயந்து விட்டுக்கொடுத்துவிட்டார் என்றார். சித்திக்கு அந்த முடிவுதான் உயிர். அந்த வாரம் குமுதம் வந்தபோது தானும் தன் அக்காவும் விளக்கணைக்காமல் படுத்ததைச் சொன்னாள். அத்தை மகன் கணேஷ் கட்சி. நான் வசந்தாக இருந்ததால் வேறு வழியில்லாமல் பேயின் கட்சி. தீர்ப்புக்கு எல்லாரும் ஆச்சியைப் பார்த்தோம்.

ஆச்சி வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டாள்.

"கொன்னவன் ஆருன்னு தெரிஞ்சிட்டுல்லா? மத்தது அந்தப் பேயோட பாடு. அவ எழுதுனதுல பேயே இல்லாம ஒண்ணு இருந்தா நாளைக்கு எடுத்துட்டு வா. கொல மட்டும் இருந்தாப் போதும்."

சித்தி பெட்டியைத் திறந்து தேட ஆரம்பித்தாள்.